கல்லில்லாத ஊரிலிருந்து பாறை ஓவியம் பார்க்க

காரைக்காலில் உயரமான இடம் எது என்று யாராவது கேட்டால் கோயில் கோபுரத்தையோ மாதா கோயில் மணிக்கூண்டையோதான் காட்ட வேண்டும். ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர் பரப்பில் திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று எங்கே தோண்டினாலும் மணல், வண்டல், களி. காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறு போடும் ஓ.என்.ஜி.சி. ஆட்கள் அடிப்பாறையைத் தொட ஆயிரக்கணக்கான மீட்டர் துளைக்க வேண்டியிருக்கிறது. கோயிலுக்குக் கருங்கல் வேண்டுமென்றாலும் வெளியூரிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

ஆகவே, ஆதி மனிதர் பாறையில் வரைந்த ஓவியத்தைப் பார்க்க ஆசைப்படும் காரைக்கால்காரருக்கு ஊரைத் தாண்டுவதைத் தவிர வேறு வழியில்லை. மலை பார்க்க இங்கிருந்து கிளம்புவது புதிதும் அல்ல. நம் காரைக்கால் அம்மையார் தலையால் நடந்தே கயிலைக்குப் போனார் என்கிறது பெரியபுராணம். நமக்குக் கார் இருக்கிறது.

எங்கே போவது? மூன்று திசைகள். வடமேற்கே விழுப்புரம் மாவட்டத்தில் கீழ்வாலை, செத்தவரை. ஒரே நாளில் போய்வரலாம். மேற்கே புதுக்கோட்டை மாவட்டத்தில் சித்தன்னவாசல், திருமயம். இதுவும் ஒரு நாள் பயணம்தான், வயதானவர்களையும் கூட்டிப்போகலாம். மூன்றாவது தொலைவு. ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில் பெண்ணை ஆறு மலையை அறுத்துக்கொண்டு ஓடும் கண்டிக்கோட்டா பள்ளத்தாக்கும், அதே வட்டாரத்தில் இருக்கும் சிந்தகுண்டா பாறை ஓவியங்களும். போக வர ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். நான்கு நாளாவது ஒதுக்க வேண்டும்.

பள்ளத்தாக்கின் படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு நேராக ஆந்திரத்துக்கு வண்டியைத் திருப்பத்தான் பலருக்கும் தோன்றும். முதலில் கீழ்வாலைக்குப் போங்கள் என்பேன். பாறை ஓவியம் பார்க்கக் கண் கொஞ்சம் பழக வேண்டும். பழகாத கண்ணோடு 600 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனால், பள்ளத்தாக்கு மனத்தில் நிற்கும், ஓவியம் நிற்காது. "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரல் கீழ்வாலைக்குப் போகும் 170 கிலோமீட்டரில் வந்தால் பரவாயில்லை.

என்ன பார்க்கப் போகிறோம்?

சுவர் முழுக்க வண்ணம் பளபளக்கும் காட்சியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். தமிழ்நாட்டுப் பாறை ஓவியங்களில் நிறம் பெரும்பாலும் இரண்டுதான்: சிவப்பு, வெள்ளை. உருவங்களும் சாண் கணக்கில்தான் இருக்கும். பல இடங்களில் முதல் பார்வைக்கு, யாரோ வெற்றிலைச் சாறு துப்பிக் காய்ந்த கறை போலத்தான் தெரியும். இரண்டு நிமிடம் நின்று பார்த்தால் கறைக்குக் கால் முளைக்கும், பிறகு கை, பிறகு கையில் ஏதோ ஆயுதம்.

சிவப்பு என்பது காவிக்கல். இரும்புச் சத்துள்ள கல்லை அரைத்துக் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். இலை, பூ, பட்டையிலிருந்து எடுத்த சாயம் என்றால் வெயிலில் எப்போதோ வெளுத்திருக்கும். இரும்பு ஆக்ஸைடுக்கு அந்தக் கவலை இல்லை, அது ஏற்கெனவே துருப்பிடித்துத் தீர்ந்த பொருள். பாறையின் நுண்துளைகளில் இறங்கி ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது. வெள்ளை அப்படியல்ல. சுண்ணமோ வெண்களிமண்ணோ மேலே படலமாகத்தான் நிற்கும். அதனால் உரிந்துவிடும்.

எல்லாப் பாறையிலும் ஓவியம் இருக்காது. மேலே பாறை முன்னால் துருத்திக் கூரைபோல் கவிந்து, மழைநீர் வழிந்து இறங்காத உட்புறம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தேட வேண்டும். பாறை ஒதுக்கிடம் என்பார்கள். குகை என்று எழுதிவிடுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் குகை அல்ல. நாலு பேர் மழைக்கு ஒதுங்கலாம், அவ்வளவுதான் ஆழம். மழைக்காலத்தில் போனவர்களுக்கு இது உடனே புரியும். நீர் வழிந்த தடம் கறுப்புக் கோடாகப் பாறையில் இறங்கியிருக்கும், அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஓவியம் இருக்கும், கோட்டின் மேல் இருக்காது.

வயது என்ன என்ற கேள்வி அடுத்து வரும். இங்கேதான் பயண வழிகாட்டிகள் தாராளமாக அள்ளிவிடுகிறார்கள். காவியில் கார்பன் கிடையாது. எனவே கார்பன் காலக்கணிப்பு அதன் மேல் நேரடியாகச் செல்லாது. பிரான்சின் ஷோவே குகையில் கரியால் வரைந்திருந்ததால் அங்கே அந்த முறை பலித்தது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஓவியத்தின் மேல் படிந்த சுண்ணப் படலத்தை யுரேனிய முறையில் ஆராய்ந்து, ஓர் ஓவியம் குறைந்தது 51,200 ஆண்டுப் பழமை என்று 2024-இல் அறிவித்தார்கள். நம்மூர்க் கருங்கல் பாறையில் அப்படிச் சுண்ணப் படலம் படிவது அரிது. ஆகவே இங்கே ஆய்வாளர்கள் துப்பறிவாளர்கள்போல் வேலை செய்கிறார்கள். எந்த உருவத்தின் மேல் எந்த உருவம் வரையப்பட்டிருக்கிறது? மேலே இருப்பது பிந்தியது. குதிரை இருக்கிறதா? தென்னிந்தியாவில் குதிரையின் தடயங்கள் பெரும்பாலும் இரும்புக்காலப் பெருங்கற்படைச் சின்னங்களோடுதான் தலைகாட்டுகின்றன. எனவே குதிரை ஓவியத்தை அதற்கு மிகவும் முன்னால் தள்ள முடியாது. பக்கத்தில் புதிய கற்காலக் கோடரி, பெருங்கற்கால ஈமச்சின்னம், கறுப்பு சிவப்புப் பானை ஓடு ஏதாவது கிடைத்ததா? இவற்றைக் கூட்டித்தான் ஒரு காலத்தை ஊகிக்கிறார்கள். "பத்தாயிரம் ஆண்டு" என்று பலகையிலோ காணொளியிலோ பார்த்தால், எதை வைத்து என்று ஒரு கேள்வியை மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் துறையில் இந்தியா பிந்திய நாடல்ல. ஸ்பெயினின் அல்தமிரா குகை ஓவியங்கள் 1879-இல் கவனத்துக்கு வருவதற்குச் சுமார் பத்தாண்டு முன்பே, 1867–68-இல், மிர்சாப்பூர் பக்கத்து மலைகளில் ஆர்ச்சிபால்ட் கார்லைல் இத்தகைய ஓவியங்களைக் கண்டு குறித்துவைத்தார். அவற்றின் பழமையையும் ஊகித்தார். ஆனால் விரிவாக எழுதி வெளியிடவில்லை, பெயர் அல்தமிராவுக்குப் போயிற்று. 1957-இல் வி.எஸ். வாகன்கர் போபால் அருகே பீம்பேட்காவைக் கண்டறிந்தார். அது 2003-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

கீழ்வாலை

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாக விழுப்புரம். அங்கிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர் சொச்சம். நெல்வயலும் வாய்க்காலும் சிதம்பரம் வரை கூடவே வரும். விழுப்புரம் தாண்டியதும் நிலம் மாறும். வயலுக்கு நடுவே யானை படுத்த மாதிரி பாறைகள், பிறகு ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய உருண்டைக் கற்குன்றுகள். செஞ்சி வரை இதே காட்சிதான். டெல்டாவிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஓவியத்தைவிட இந்தக் கற்குவியல்களே பெரிய அதிசயமாக இருக்கும்.

விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் 8 மணிவாக்கில் அங்கே நிற்கலாம். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், ஓவியத்தைப் பார்க்க நேர் வெயில் உதவாது. வெயில் பட்ட பாறை கண்ணைக் கூசவைக்கும், சிவப்பு மங்கிவிடும். நிழலில், சீரான வெளிச்சத்தில்தான் காவி எழுந்து தெரியும். காலை 9 மணிக்கு முன்னாலோ, மாலை 4 மணிக்குப் பின்னாலோ, மேகமூட்டமான நாளிலோ போவதுதான் சரி. வெயில் ஏறிவிட்டால் ஒருவர் கறுப்புக் குடையை விரித்து ஓவியத்தின் மேல் நிழல் விழும்படி பிடித்தால் போதும். அதுவரை வெறும் பாறையாக இருந்த இடத்தில் இரண்டு மூன்று உருவங்கள் தெரிய ஆரம்பிக்கும். பைக்குள் கேமரா இல்லாவிட்டாலும் குடை இருக்கட்டும்.

கீழ்வாலையில் அதிகம் பேசப்படும் காட்சி ஒன்று. செங்காவியில் ஒரு குதிரை, அதன்மேல் ஒருவர். ஒருவர் கயிற்றைப் பிடித்துக் குதிரையை இழுக்கிறார். எதிரே ஒருவர் கைகளைத் தூக்கி நிற்கிறார். வரவேற்கிறாரா, தடுக்கிறாரா என்பது பார்க்கிறவர் பாடு. தலைகளைக் கவனியுங்கள். மனிதத் தலையாக வட்டமாக இல்லாமல் பறவை அலகுபோல் நீண்டிருக்கும். பறவை முகமூடி என்பது பொதுவான விளக்கம். சடங்கோ கூத்தோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்ள அது இடம் கொடுக்கிறது. இன்னோர் இடத்தில் படகு என்று பலரும் படிக்கும் உருவமும் ஆட்களும் உண்டு. கடற்கரை ஊரிலிருந்து போகிறவர்கள் அதைத் தேடிப் பார்க்காமல் வர மாட்டார்கள். அது படகுதானா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதியும் நம் பட்டினச்சேரி மீனவர்களுக்கு மற்றவரைவிடக் கொஞ்சம் அதிகம்.

சில குறியீடுகளும் இருக்கின்றன. அவை சிந்துவெளி எழுத்தைப் போலிருக்கின்றன என்று எழுதியவர்கள் உண்டு. ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது என்பது உண்மை. கோடும் வட்டமும் குறுக்குக் கோடும் உலகில் எங்கே வரைந்தாலும் ஒன்றுபோல்தான் இருக்கும் என்பதும் உண்மை. பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லிவிடுவது நல்லது.

கீழ்வாலை மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். ஆனால் இத்தகைய இடங்களில் பெரிய வாசல், டிக்கெட் கவுண்டர், கழிப்பறை, டீக்கடை எதையும் எதிர்பார்க்கக் கூடாது. தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை எல்லாவற்றையும் விழுப்புரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். கைப்பேசி வரைபடம் கிராமம் வரை கொண்டுவிடும். கடைசி ஒரு கிலோமீட்டருக்கு ஆள்தான் வழிகாட்டி. "பாறை ஓவியம் எங்கே?" என்று சுத்தத் தமிழில் கேட்டால் பதில் வராமல் போகலாம். ஆடு மேய்க்கிறவரிடம் "அண்ணே, பாறையில சிவப்பா படம் வரஞ்சிருக்காமே, எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார், நேரமிருந்தால் கூடவே வருவார். அவருக்கு அரைநாள் கூலி கொடுப்பது முறை. அவர் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை.

காலில் செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். முள், பாம்பு இரண்டுக்கும் அது நல்லது. ஒதுக்கிடத்துக்குள் நுழையுமுன் தலையைத் தூக்கி மேல்விளிம்பைப் பாருங்கள். மலைத்தேனீக் கூடு தொங்கினால் ஓவியத்தை மறந்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்புங்கள். சென்ட், புகை, கூச்சல் மூன்றும் அவற்றுக்கு ஆகாது.

அங்கே நிற்கும்போது சுற்றுமுற்றும் பாருங்கள். இந்த வட்டாரத்தில் கல் உடைப்பு ஒரு தொழில். ஜல்லிக்கும் கட்டடத்துக்கும் குன்றுகள் கரைந்துகொண்டிருக்கின்றன. நம் டெல்டாவில் போடும் சாலைக்கும் வீட்டுக்கும் ஜல்லி எங்கிருந்தோ வந்தாக வேண்டும் என்பதையும் நினைத்துக்கொண்டால், கிராமத்தாரைக் குறை சொல்லும் வேகம் கொஞ்சம் தணியும்.

மதியத்துக்குள் கீழ்வாலை முடிந்துவிடும். மீதி நேரத்துக்குச் செத்தவரை இருக்கிறது. அங்கே மான், மீன் போன்ற உருவங்களும் கை அச்சும் உண்டு. ஆனால் ஏறவும் தேடவும் அதிக நேரம் பிடிக்கும். சிறுபிள்ளைகள் இருந்தால் அதை விட்டுவிட்டு, விழுப்புரம்–செஞ்சி சாலையை ஒட்டிய மண்டகப்பட்டுக்குப் போவது உத்தமம். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் கல்வெட்டில் சொல்லிக்கொள்ளும் குடைவரை அது. பாறையில் காவி பூசியவர்களுக்குப் பல நூற்றாண்டுக்குப் பின் அதே வகைப் பாறையைக் குடைந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

மேற்கே போனால்

புதுக்கோட்டைப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்குச் சுருக்கமாக. கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் புதுக்கோட்டை சுமார் 150 கிலோமீட்டர், சித்தன்னவாசல் அங்கிருந்து இன்னொரு 16. சனிக்கிழமை வேண்டாம். திருநள்ளாற்றுச் சனீஸ்வரன் கோயில் கூட்டத்தில் ஊர் எல்லையைத் தாண்டவே பொழுது போய்விடும். சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் உள்ள தாமரைக் குளம் ஆதிமனிதர் வேலை அல்ல, சமணர் வரைவித்தது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் திருப்பணி செய்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் துறவி என்று பார்த்த உடனே புரியும் ஓவியம். குன்றின் மேலே ஏழடிப்பட்டத்தில் சமணர் படுக்கைகளும் தமிழ்பிராமிக் கல்வெட்டும் உள்ளன. உச்சிவெயிலில் அதில் ஏற வேண்டாம். திருமயம் கோட்டைப் பாறையில் செங்காவி ஓவியங்கள் உண்டு. மிகவும் மங்கியவை, கோட்டை ஊழியரிடம் கேட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும்.

பள்ளத்தாக்குக்கு

இனி கண்டிக்கோட்டா. பெண்ணை என்றதும் நம் தென்பெண்ணையை நினைத்துவிட வேண்டாம். இது வடபெண்ணை, கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து நெல்லூர் அருகே கடலில் சேருவது. எர்ரமலைத் தொடர் குறுக்கே நிற்க, ஆறு சுற்றிப் போகாமல் அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. அறுபட்ட பாறை குவார்ட்சைட், அதாவது மணற்கல் நிலத்துக்கடியில் அழுத்தத்தில் இறுகிப்போன வகை. பலகை பலகையாக, கிடைமட்டமாக அடுக்கிய செம்பாறை. அதனால்தான் இரண்டு கரையும் சுவர்போல் செங்குத்தாக நிற்கிறது. ஏறக்குறைய 300 அடி ஆழம். விளிம்பில் கம்பி வேலி கிடையாது என்று நினைத்துக்கொண்டே நடக்க வேண்டும். செல்ஃபி எடுக்கப் பின்னோக்கி நகர்கிறவரின் சட்டையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் கூடவே நிற்கட்டும்.

கரையின் மேலே கோட்டை. உள்ளே மாதவராயர் கோயில், அரங்கநாதர் கோயில், ஜும்மா மசூதி, தானியக் களஞ்சியம் எல்லாம் நடந்து பார்க்கும் தூரத்தில். பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட இடம். ஆனால் ஓவியம் கோட்டையில் இல்லை. அதைத் தேடிச் சிந்தகுண்டாவுக்கு, முத்தனூர் பக்கம் திரும்ப வேண்டும். அங்கே குன்றோரத்து ஒதுக்கிடங்களில் செங்காவியிலும் வெள்ளையிலும் மான்கள், பறவைகள், மனிதர்கள், பெரிய திமிலோடு ஒரு காளை. தென்னிந்தியாவின் முக்கியமான பாறை ஓவியத் தொகுதிகளில் ஒன்று. இந்தியப் பாறை ஓவியங்களை ஊர் ஊராகத் திரிந்து வரைந்தெடுத்த ஆஸ்திரிய ஆய்வாளர் எர்வின் நியூமேயரால் வெளியுலகுக்குத் தெரிய வந்தவை. கீழ்வாலையில் கண் பழகியிருந்தால், இந்தத் திமிலை ஒரே கோட்டில் இழுத்தவரின் கை எவ்வளவு உறுதியானது என்பது புரியும்.

வழி: விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர், சித்தூர். பிறகு கர்னூல் நெடுஞ்சாலையில் பீலேரு, ராயச்சோட்டி, கடப்பை. அங்கிருந்து முத்தனூர், ஜம்மலமடுகு. முதல் நாள் வேலூரோடு நிறுத்துங்கள். ஒரே மூச்சில் ஓட்டிவிடலாம் என்று இளைஞர்கள் சொல்வார்கள். ராயச்சோட்டிக்கும் கடப்பைக்கும் நடுவே குவ்வலசெருவு மலைப்பாதை இருக்கிறது. லாரிகள் ஓயாத வளைவுகள், இருட்டில் அங்கே இருக்கக் கூடாது. பகலில் போனால் இன்னொரு லாபம், அந்த ஊர்ப் பால்கோவாவுக்கு ஆந்திரம் முழுக்கப் பேர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் இதைப் படிக்காமல் இருக்கட்டும்.

இரண்டாம் நாள் மாலைக்குள் கண்டிக்கோட்டா. ஆந்திர சுற்றுலாக் கழகத்தின் ஹரிதா விடுதி அங்கேயே உள்ளது, முன்பதிவு இல்லாமல் போக வேண்டாம். நீண்ட விடுமுறையில் கூடாரக்காரர்களும் கூட்டமும் நிறைந்துவிடும். சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுப் படுத்து, விடியலிலும் ஒருமுறை விளிம்புக்குப் போங்கள். மூன்றாம் நாள் காலை முழுவதும் சிந்தகுண்டாவுக்கு. உச்சிவெயிலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். அங்கும் கிராமத்தாள் ஒருவர் இல்லாமல் ஏறாதீர்கள். தெலுங்கு தெரியாவிட்டாலும் "பொம்மலு" என்று பாறையைக் காட்டிச் சொன்னால் வேலை நடக்கும். அன்று மதியமே திரும்பப் புறப்பட்டுச் சித்தூரில் தங்கினால் நான்காம் நாள் இரவுச் சாப்பாடு வீட்டில்.

மாதம்? நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை என்பது கடப்பைக்குப் பொருந்தும். அதற்குப் பின் வெப்பம் ஏறிக்கொண்டே போய்க் கோடையில் 40 பாகையைத் தாண்டும். பாறை அந்தச் சூட்டை வாங்கி இரவிலும் உமிழும். ஆனால் நவம்பரிலும் டிசம்பரிலும் நம் பக்கம் புயல் காலம். போகிற இடம் நன்றாக இருக்கும், புறப்படுகிற ஊர் தண்ணீரில் நிற்கும். எனவே பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி பின்பாதியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரையிலான மூன்று வாரம்தான் காரைக்கால்காரருக்கு உண்மையில் கிடைக்கும் காலம். விடுதிப் பதிவை அதற்குள் முடித்துவிடுங்கள்.

எல்லை தாண்டும் கணக்கு

நமக்கென்று சில தனிச் சங்கடங்கள் உண்டு. சொந்தக் காரானால் பி.ஒய். 02 என்ற எண் பலகையோடு எங்கும் போகலாம், காப்பீடும் புகைச் சான்றும் நடப்பில் இருந்தால் போதும். வாடகை வண்டியானால் தமிழ்நாட்டில் நுழையவே பெர்மிட் வேண்டும், பிறகு ஆந்திரம். அனைத்திந்திய சுற்றுலா அனுமதி உள்ள வண்டியா என்று பேரம் பேசுமுன் கேளுங்கள். பேரம் முடிந்த பிறகு கேட்டால் சோதனைச் சாவடியில் கட்டும் பணம் உங்கள் தலையில் விழும்.

பெட்ரோல் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், வரி குறைவால் தமிழ்நாட்டைவிட விலை மலிவு. இந்த மலிவை நம்பிப் பெரிய கணக்குப் போட வேண்டாம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 1,200 கிலோமீட்டருக்கு 80 லிட்டர் வேண்டும், தொட்டி பெரும்பாலும் 40 லிட்டருக்குள்தான். கேனில் பிடித்து டிக்கியில் வைக்கும் யோசனை சட்டத்துக்கும் ஆகாது, உயிருக்கும் ஆகாது. மலிவாகக் கிடைக்கும் இன்னொரு சரக்கையும் வண்டியில் ஏற்ற வேண்டாம். நண்டலாற்றுச் சாவடியில் மதுவிலக்குப் போலீஸ் டிக்கியைத் திறக்கச் சொன்னால், கற்கால ஓவியம் பார்க்கப் போகிறோம் என்ற விளக்கம் எடுபடாது.

பார்ப்பதும் படமெடுப்பதும்

மங்கிய ஓவியத்தின் மேல் தண்ணீர் தெளித்தால் ஒரு நிமிடம் நிறம் எழும். உள்ளூர் ஆட்களே அன்போடு தெளித்துக் காட்டுவார்கள். தடுத்துவிடுங்கள். தண்ணீர் உலரும்போது பாறைக்குள்ளிருக்கும் உப்பை மேலே கொண்டுவரும், உப்பு படிகமாகிக் காவியைப் பெயர்த்துவிடும். ஒவ்வொரு தெளிப்புக்கும் கொஞ்சம் போகும். சாக்பீஸால் ஓரம் வரைவது அதைவிடக் கொடுமை. விரலால் தொட்டுப் பார்ப்பதும் வேண்டாம், விரல் எண்ணெயில் தூசி ஒட்டும்.

தண்ணீர் செய்யும் வேலையைப் பாறைக்குத் தீங்கில்லாமல் கணினி செய்யும். ஜான் ஹார்மன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய டி-ஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருளைப் பாறை ஓவிய ஆய்வாளர்கள் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். கைப்பேசிச் செயலியாகவும் கிடைக்கிறது. படத்தில் ஒன்றோடொன்று நெருங்கியிருக்கும் நிறங்களை அது விலக்கிப் பிரித்துக் காட்டும். பழுப்புப் பாறையில் பழுப்புச் சிவப்பாகக் கலந்துபோன உருவம் கண்ணைப் பறிக்கும் செம்மையில் தனித்து நிற்கும். கண்ணுக்கு ஒரு மான் மட்டும் தெரிந்த இடத்தில் அதன் அடியில் இன்னொரு மிருகம் தெரிய வரலாம். இதற்கு வேண்டியது நிழலில், ஃபிளாஷ் இல்லாமல், கை நடுங்காமல் எடுத்த படம். முதலில் தூரத்திலிருந்து ஒதுக்கிடம் முழுவதும், பிறகு ஓவியப் பரப்பு, பிறகு உருவம் என்று மூன்று தூரத்தில் எடுங்கள். அளவு தெரிய ஒரு ரூபாய் நோட்டைப் பாறையில் ஒட்டாமல் பக்கத்தில் பிடித்தால் போதும். உயரத்தில் இருப்பவற்றுக்குச் சிறிய தொலைநோக்கி. பாறையில் ஏறி எட்டிப் பார்க்க முயல்வதைவிட அது மலிவு.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீலகிரியில் கோத்தகிரிக்குக் கீழே கரிக்கியூர்ப் பாறை ஓவியங்கள் தமிழ்நாட்டின் மிகப் பெரிய தொகுதி என்று கேள்விப்பட்டு அங்கே போகவும் சிலர் ஆசைப்படுவார்கள். அது காட்டுக்குள், யானை நடமாடும் சரிவில் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் போக வழியில்லை. வந்துபோனவர்கள் கிறுக்கியும் சுரண்டியும் அங்கே ஓவியங்கள் ஏராளமாகப் பாழாகிவிட்டன. அனுமதி கிடைக்காவிட்டால் குறுக்குவழி தேடாதீர்கள்.

இவ்வளவு தேடிப் போகும்போது, பலகையிலோ புத்தகத்திலோ இல்லாத ஒதுக்கிடம் ஒன்று உங்கள் கண்ணில் படலாம். விழுப்புரம், கிருஷ்ணகிரிப் பக்கங்களில் உள்ளூர் ஆசிரியர்களும் ஆர்வலர்களும் இப்படிக் கண்டவை பல. உடனே இருப்பிடக் குறியோடு முகநூலில் போட்டுவிடாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே யாராவது தன் பெயரையும் காதலி பெயரையும் அங்கே எழுதிவிடுவார்கள். மூன்று தூரத்துப் படங்கள், கிராமத்தின் பெயர், எந்தப் பக்கமாக ஏறினீர்கள் என்ற நாலு வரி ஆகியவற்றைச் சென்னை எழும்பூர் தமிழ் வளர்ச்சி வளாகத்தில் இருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். ஆந்திரத்தில் என்றால் அம்மாநிலத் தொல்லியல் துறைக்கு. பதில் வரத் தாமதமானால் ஒரு மாதம் பொறுத்து மறுபடி எழுதுங்கள்.